மூளைக் கட்டிக்கான கதிர்வீச்சு: இயந்திரத்தின் பெயரை வைத்து ஒப்பிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளைக் கட்டிக்கான கதிர்வீச்சு சிகிச்சை பற்றி நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் வரும் கட்டுரைகளையும், அவற்றை ஒட்டியே வரும் மருத்துவமனை விளம்பரங்களையும் தொடர்ந்து படித்து வருபவன் நான். இரண்டிலுமே காமா நைஃப், சைபர் நைஃப், புரோட்டான் என்று இயந்திரத்தின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. சிகிச்சை பெற்றவருக்கு இருந்தது எந்த வகைக் கட்டி, அது என்ன அளவு, மூளையில் எந்த இடத்தில் இருந்தது என்பவை கடைசிப் பத்தியில் வந்தால் உண்டு, பல சமயம் வருவதே இல்லை. அரசு மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சைக்குத் திட்டமிடும் மருத்துவ இயற்பியலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தப் பழக்கம் நோயாளிகளின் வீட்டில் என்ன செய்கிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். மடித்து வைத்த பத்திரிகை நறுக்கைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, "சார், இந்த மெஷின்ல கரண்ட் வெச்சா ஒரே நாள்ல முடிஞ்சிடுமாமே, இங்க எதுக்கு ஆறு வாரம்?" என்று கேட்காத குடும்பம் குறைவு. அந்தக் கேள்விக்கான பதில் கட்டியைப் பொறுத்தது. அதைச் சற்று விரிவாக எழுத உங்கள் பத்தியில் இடம் வேண்டுகிறேன்.

முதலில் பெயர்களைப் பற்றி ஒரு சொல். காமா நைஃப், சைபர் நைஃப் இரண்டிலும் கத்தி கிடையாது. மண்டையைத் திறப்பதும் கிடையாது. ஸ்வீடனின் நரம்பு அறுவை நிபுணர் லார்ஸ் லெக்செல் 1951-இல் முன்வைத்த கருத்திலிருந்து பிறந்தது காமா நைஃப். முதல் கருவி 1968-இல் நோயாளிக்குப் பயன்பட்டது. இன்றைய கருவிகளில் 192 சிறு கோபால்ட் மூலங்கள் தலையைச் சுற்றி அமைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் வரும் கதிர் தனியாக மூளைக்குப் பெரிய தீங்கு செய்யாத அளவு மெல்லியது. எல்லாம் சேரும் புள்ளியில் மட்டும் அளவு மிகுதியாகிறது. சைபர் நைஃப் என்பது ரோபோ கையில் பொருத்தப்பட்ட சிறிய லீனியர் ஆக்சிலரேட்டர், அதாவது எலெக்ட்ரான்களை வேகமூட்டி எக்ஸ் கதிர் உண்டாக்கும் கருவி. சிகிச்சை நடக்கும்போதே எக்ஸ்ரே எடுத்துத் தலை அசைந்திருந்தால் தானே திருத்திக்கொள்ளும். மூன்றாவதாக, நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இருக்கும் சாதாரண லீனியர் ஆக்சிலரேட்டரிலும், கதிரின் வடிவத்தைக் கட்டியின் வடிவத்துக்குப் பொருத்தும் நுண்ணிய உலோக இதழ்களும் துல்லியமான படமெடுப்பு வசதியும் இருந்தால் இதே ரேடியோசர்ஜரியை, அதாவது பல திசைக் கதிர்களைக் கட்டியில் குவித்து ஒரே அமர்விலோ சில அமர்விலோ பெரிய அளவு கொடுக்கும் முறையை, செய்ய முடியும். இவை மூன்றிலும் நோயாளிக்குள் போவது ஃபோட்டான்கள் எனும் ஒளித்துகள்கள்தாம். காமா கதிர் என்றாலும் எக்ஸ் கதிர் என்றாலும் உயிரணுவின் டி.என்.ஏ.வை அது சிதைக்கும் விதம் ஒன்றே. கோபால்ட்டின் அரை ஆயுள், அதாவது அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையும் காலம், ஏறக்குறைய 5.27 ஆண்டு என்பதால், மூலங்கள் மாற்றப்படாத பழைய கருவியில் அதே அளவைப் பெற நோயாளி இரண்டு மடங்கு நேரம் படுத்திருக்க வேண்டிவரும் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

சிறிய, எல்லை தெளிவான கட்டிகளில் இந்த முறைகளுக்கு உண்மையான பெருமை உண்டு. காது நரம்பில் வரும் ஷ்வானோமா கட்டி, மூளையின் உறையில் வரும் மெனிஞ்சியோமா ஆகியவை பெரும்பாலும் புற்றுநோய் அல்லாதவை. ஷ்வானோமாவுக்கு அதன் விளிம்பில் 12 அல்லது 13 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே அமர்வில் கதிர்வீச்சு கொடுத்தால் பெரும்பாலானோரிடம் வளர்ச்சி நின்றுவிடுகிறது. நின்றுவிடுகிறது என்றுதான் எழுதுகிறேன், கரைந்துவிடுகிறது என்று எழுதவில்லை. ஆறு மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கட்டி அப்படியே இருப்பதைப் பார்த்து, பணம் வீணாகிவிட்டதோ என்று மருத்துவரிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். அது சிகிச்சை தோற்றதற்கான அடையாளம் ஆகாது.

ஒரே அமர்வு முறைக்கு வரம்புகளும் உண்டு. முன்பே கதிர்வீச்சு பெற்று மீண்டும் வளர்ந்த கட்டிகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் செய்த ஆய்வில், 2 செ.மீ. வரை உள்ள கட்டிக்கு 24 கிரே, 3 செ.மீ. வரை 18, 4 செ.மீ. வரை 15 என்று கட்டி பெரிதாகப் பெரிதாகத் தாங்கும் அளவு குறைந்தது. பெரிய கட்டிக்கு அதிக அளவு வேண்டும், ஆனால் சுற்றியுள்ள மூளை அதைத் தாங்காது. பார்வை நரம்பை உரசிக்கொண்டிருக்கும் மெனிஞ்சியோமாவும் இப்படித்தான். ஒரே அமர்வில் அந்த நரம்புக்கு 8 முதல் 10 கிரேக்கு மேல் போனால் பார்வைக்கு ஆபத்து. அதே நரம்பு, நாளொன்றுக்கு 1.8 கிரே வீதம் ஆறு வாரத்தில் 54 கிரேயைத் தாங்கிக்கொள்கிறது. ஆகவே அப்படிப்பட்ட ஒருவருக்கு மருத்துவர் "முப்பது சிட்டிங்" என்று சொன்னால், அவரிடம் பழைய மெஷின் இருக்கிறது என்று பொருளில்லை. நோயாளியின் கண்ணைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று பொருள்.

இயந்திரத்தின் பெயர் மிகக் குறைவாக உதவும் இடம், பெரியவர்களுக்கு வரும் மூளைப் புற்றுக் கட்டிகளில் மிகக் கடுமையானதான க்ளையோபிளாஸ்டோமா. வருந்தத்தக்க விதமாக, குடும்பங்கள் அதிகம் அலைவதும் அதிகம் கடன்படுவதும் இந்த நோய்க்குத்தான். ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும் வளையத்தோடு இந்தக் கட்டி முடிந்துவிடுவதில்லை. அதன் உயிரணுக்கள் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றியுள்ள மூளைக்குள் ஊடுருவியிருக்கும். அதனால்தான் தெரிகிற கட்டிக்கு வெளியேயும் ஒன்றரை, இரண்டு செ.மீ. வரை சேர்த்துத் திட்டமிடுகிறோம். எல்லையே இல்லாத ஒன்றைக் கத்திபோல் கூர்மையான கதிரால் தாக்கி என்ன பயன்? இந்த ஐயத்தை ஆய்வே தீர்த்து வைத்தது. வழக்கமான கதிர்வீச்சோடும் மருந்தோடும் முதலில் ஒரு ரேடியோசர்ஜரியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2004-இல் வெளியானது. 203 நோயாளிகள் அதில் பங்கேற்றனர். சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் (பாதிப் பேர் தாண்டும் காலம்) 13.5 மாதம், பெறாதவர்களுக்கு 13.6 மாதம். மறுபுறம் 2005-இல் வெளியான ஐரோப்பிய-கனடிய ஆய்வில், 30 அமர்வுகளில் 60 கிரே என்ற அதே பழைய கதிர்வீச்சோடு டெமோசோலமைடு என்ற மாத்திரையைச் சேர்த்தபோது இடைநிலை வாழ்நாள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகவும், இரண்டு ஆண்டு உயிர்வாழ்ந்தவர்களின் விகிதம் 10.4 விழுக்காட்டிலிருந்து 26.5 விழுக்காடாகவும் உயர்ந்தது. அந்த முன்னேற்றத்தைத் தந்தது மாத்திரை.

வயதானவர்கள் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் 30 அமர்வுகளையும் 15 அமர்வுகளையும் ஒப்பிட்ட கனடா நாட்டு ஆய்வு 2004-இல் இரண்டுக்கும் வாழ்நாளில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 15 அமர்வுகளில் 40 கிரேயோடு டெமோசோலமைடையும் சேர்த்தால் நன்மை உண்டு என்று 2017-இல் 562 பேரிடம் செய்த ஆய்வு காட்டியது. ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, ஒரு கை ஒரு கால் சரியாக வராத அப்பாவைத் தினமும் பஸ்ஸில் மதுரைக்கு அழைத்து வரும் மகனுக்கு மூன்று வாரம் மிச்சமாவது எந்தப் புதிய இயந்திரத்தையும் விடப் பெரிய உதவி. இதை எந்தச் சாதாரண லீனியர் ஆக்சிலரேட்டரிலும் செய்யலாம். குறைந்த நாள் கொடுக்கிறார்களே, ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டு அப்பாவை வேறு ஊருக்கு மாற்றுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நுரையீரல், மார்பகம் போன்ற இடத்திலிருந்து மூளைக்குப் பரவும் கட்டிகளில் நிலைமை நேரெதிர். இங்கே முறைகளின் வேறுபாடு நோயாளியின் அன்றாட வாழ்க்கையையே மாற்றக்கூடியது. ஒன்று முதல் மூன்று கட்டிகள் வரை உள்ள 213 பேரை எடுத்து, ஒரு பிரிவுக்குக் கட்டிகளுக்கு மட்டும் ரேடியோசர்ஜரியும், மற்றொரு பிரிவுக்கு அதோடு முழு மூளைக்கும் கதிர்வீச்சும் கொடுத்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. மூன்று மாதத்தில் நினைவாற்றல், சொல் நினைவு முதலிய சோதனைகளில் சரிவு கண்டவர்கள் முதல் பிரிவில் 63.5 விழுக்காடு, முழு மூளைக்கும் பெற்றவர்களில் 91.7 விழுக்காடு. முழு மூளைக்கும் கொடுத்ததால் புதுக் கட்டிகள் வருவது குறைந்தது. ஆனால் வாழ்நாள் கூடவில்லை. ஐந்து முதல் பத்துக் கட்டிகள் வரை உள்ளவர்களும் ரேடியோசர்ஜரி மட்டும் பெற்றால், இரண்டு முதல் நான்கு கட்டிகள் உள்ளவர்களைப் போலவே வாழ்கிறார்கள் என்று 1,194 பேரைத் தொடர்ந்து கவனித்த ஜப்பானிய ஆய்வு 2014-இல் காட்டியது. ஆகவே இரண்டு மூன்று சிறு கட்டிகள் மட்டும் உள்ள, எழுந்து நடமாடுகிற ஒருவருக்கு, விசாரிக்காமலே முழு மூளைக்கும் பத்து நாள் கரண்ட் என்று எழுதிக் கொடுத்தால், ரேடியோசர்ஜரிக்கு வாய்ப்பு உண்டா என்று குடும்பத்தார் கேட்பது நியாயம்.

கட்டிகள் மூளை முழுவதும் பரவியிருந்தால் முழு மூளைக்கும் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கும். அப்போதும் நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதியைத் தவிர்த்துக் கதிரைச் செலுத்தும் வழி உண்டு. 518 பேர் பங்கேற்ற ஆய்வு 2020-இல் இதன் பயனை உறுதி செய்தது. இதற்கு வேண்டியதும் சாதாரண லீனியர் ஆக்சிலரேட்டர்தான். கூடுதலாக ஒரு நல்ல எம்.ஆர்.ஐ., அதில் வெட்டுக்கு வெட்டு ஹிப்போகேம்பஸை வரையப் பொறுமையுள்ள மருத்துவர், திட்டத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்க இயற்பியலாளருக்கு நேரம் ஆகியவை தேவை. அறுவைக்கோ ரேடியோசர்ஜரிக்கோ ஏற்ற நிலையில் இல்லாத நுரையீரல் புற்று நோயாளிகளுக்கு, முழு மூளைக் கதிர்வீச்சு கூட ஸ்டீராய்டு மாத்திரையைவிடப் பெரிதாக எதுவும் தரவில்லை என்று 538 பேரிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வு 2016-இல் சொன்னது. அவர்களில் படுத்த படுக்கையாகிவிட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டியதில்லை.

இனி புரோட்டான், அதாவது அணுவின் கருவில் உள்ள நுண்துகளைக் கதிராகச் செலுத்தும் முறை. இதைப் பற்றிப் பேசும்போது வியப்பும் வேண்டும், நிதானமும் வேண்டும். எக்ஸ் கதிர் உடலுக்குள் புகுந்து, கட்டியைக் கடந்து, மறுபக்கம் வெளியேறிப் போகும். போகிற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதம் செய்துகொண்டே போகும். புரோட்டான் குறிப்பிட்ட ஆழத்துக்குச் சென்று, தன் ஆற்றலில் பெரும்பகுதியை அங்கே கொட்டிவிட்டு நின்றுவிடும். இந்தப் பண்பை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946-இலேயே எழுதினார். நம் நாட்டில் சென்னையில் 2019-இல் அப்போலோ மருத்துவக் குழுமம் இதற்கான மையத்தைத் திறந்தது. பின்னர் நவி மும்பையில் டாடா நினைவு மையத்திலும் இந்த வசதி வந்தது.

மெடுல்லோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைப் புற்றுக் கட்டி வந்த ஏழு வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். மூளைக்கும் முதுகுத் தண்டு முழுவதற்கும் கதிர்வீச்சு வேண்டும். முதுகில் செலுத்தும் எக்ஸ் கதிர் முன்னே உள்ள இதயம், நுரையீரல், குடல், பெண் குழந்தையானால் கருப்பை வரை ஓரளவு தொட்டுத்தான் போகும். புரோட்டான் முதுகெலும்போடு நின்றுவிடும். அந்தக் குழந்தைக்கு இன்னும் ஐம்பது, அறுபது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. அந்த உறுப்புகளைக் காத்ததன் பலன் அவ்வளவு காலமும் கிடைக்கும். இந்த வகைக் குழந்தைகளுக்கும், மண்டையோட்டின் அடியில் மூளைத்தண்டை ஒட்டி வரும் கோர்டோமா போன்ற அரிய கட்டிகளுக்கும் புரோட்டான் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்ற வரம்பு இருக்கும்போது, இதற்கெனத் தனி ஒதுக்கீடு இல்லாமல் அது நடக்காது.

ஆனால் அதே புரோட்டானை க்ளையோபிளாஸ்டோமா வந்த பெரியவருக்கு வாங்கிக் கொடுக்க நிலத்தை விற்க வேண்டுமா? எக்ஸ் கதிரையும் புரோட்டானையும் அந்த நோயில் நேரடியாக ஒப்பிட்டு 2021-இல் வெளியான சிறிய அமெரிக்க ஆய்வில், சோர்வு சற்றுக் குறைந்ததே தவிர, நினைவாற்றல் சரிவதைத் தள்ளிப்போடுவதில் வேறுபாடு தெரியவில்லை. புரோட்டான் எந்த மில்லிமீட்டரில் நிற்கும் என்பதிலும் ஒரு சிறு நிச்சயமின்மை எப்போதும் உண்டு; நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் மூளைத்தண்டு இருந்தால் திட்டமிடுகிறவர் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லாமல் "பக்க விளைவே இல்லாத சிகிச்சை" என்று அச்சிடுவது சரியில்லை.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வை உங்கள் வாசகர்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். வேகமாக வளராத மூளைக் கட்டி உள்ள, 3 முதல் 25 வயது வரையிலான 200 பேரை இரண்டாகப் பிரித்து, இரு பிரிவுக்கும் 30 அமர்வுகளில் 54 கிரே என்ற ஒரே அளவைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான முறை. மற்றதற்குத் தலையை அசையாமல் பொருத்தி, கட்டியைச் சுற்றிச் சேர்க்கும் விளிம்பைக் குறுக்கிய துல்லிய முறை. ஐந்து ஆண்டில் புதிதாக ஹார்மோன் குறைபாடு வந்தவர்கள் வழக்கமான முறையில் 51 விழுக்காடு, துல்லிய முறையில் 31 விழுக்காடு. அறிவுத்திறன் சோதனையிலும் துல்லிய முறை பெற்றவர்கள் மேலாக இருந்தார்கள். உயிர்வாழ்வு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நம் நாட்டில், நம் குழந்தைகளிடம், லீனியர் ஆக்சிலரேட்டரை வைத்தே கண்ட முடிவு இது. விலையுயர்ந்த புதிய இயந்திரம் ஏதும் அதில் இல்லை. திட்டமிடலில் காட்டிய அக்கறைதான் அந்த இருபது விழுக்காடு.

அந்த அக்கறை எங்கே தெரியும் என்றால், நோயாளி கவனிக்காத இடங்களில். முகத்துக்கு மாஸ்க் செய்யும் நாளன்று, வெந்நீர்த் தொட்டியில் நனைத்து இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் இழுத்து, அது இறுகும் வரை சில நிமிடம் டெக்னீஷியன் புருவத்திலும் மூக்கின் அடியிலும் தாடையிலும் விரலால் அழுத்திப் பிடித்திருப்பார். அவசரத்தில் அங்கே தளர்வாக விட்டால், ஆறு வாரமும் தலை உள்ளே அசைய இடமிருக்கும். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் ஊதியபின் மாஸ்க் கன்னத்தை அழுத்துகிறது என்று நோயாளி சொன்னால், வெட்டித் தளர்த்தி ஒப்பேற்றாமல் புதிதாகச் செய்ய வேண்டும். சி.டி. ஸ்கேனின் மேல் எம்.ஆர்.ஐ.யைப் பொருத்தும்போது இரண்டு மி.மீ. விலகினால், திரையில் அழகாகத் தெரியும் வண்ணக் கோடுகள் எல்லாம் தவறான இடத்தைச் சுற்றியே அழகாக இருக்கும். ஒரு மருத்துவமனையில் விலையுயர்ந்த கருவி இருந்தும் அறுவைக்கு முன் எடுத்த பழைய எம்.ஆர்.ஐ.யை வைத்தே திட்டம் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அரசு மருத்துவமனைகளுக்கு இயந்திரம் வாங்க ஒதுக்கும் நிதியோடு, இயற்பியலாளர், டெக்னீஷியன் பணியிடங்களையும் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் இதுதான். இனி மூளைக் கட்டிக்கான கதிர்வீச்சு பற்றிய செய்தி வரும்போது கட்டியின் வகை, அதன் அளவு, எத்தனை அமர்வில் எத்தனை கிரே, எந்தப் பழைய முறையோடு ஒப்பிட்டு எது மேம்பட்டது ஆகியவற்றை மருத்துவமனையிடம் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். கடைசி விவரத்தைத் தர முடியாதவர்களின் செய்தியை விளம்பரப் பக்கத்தில் போடுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் மாத்திரைச் சீட்டோடு, கட்டிக்கும் பார்வை நரம்புக்கும் மூளைத்தண்டுக்கும் எத்தனை கிரே போயிற்று என்று எழுதிய சுருக்கத்தையும் திட்டம் பதிந்த சி.டி. வட்டையும் கேட்டு வாங்கி, ஸ்கேன் படங்களோடு பத்திரமாக வையுங்கள். ஐந்தாறு ஆண்டு கழித்துக் கட்டி மீண்டும் வந்தால், இரண்டாம் முறை கதிர்வீச்சு கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அது இல்லாமல் வருகிறவர்களுக்குப் பல நேரம் சிகிச்சையையே மறுக்க வேண்டியதாகிவிடுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ இயற்பியலாளர்,
மதுரை.